பெயர் மறைந்த கதைசொல்லிகள்

சிரம்பானிலிருந்து தம்பின் நோக்கிச் செல்லும் சாலையில், நகரத்தை விட்டுச் சிறிது தூரம் கடந்ததும் வருவது செனாவாங். இன்று அப்பெயரைக் கேட்பவர் மனக்கண்முன் தொழிற்சாலைகளும், வரிசை வீடுகளும், நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியுமே தோன்றும். முன்னாளில் அங்கு நின்றவை இரப்பர் மரங்கள். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஏனைய தோட்டங்களைப் போலவே அங்கும் லயங்கள் இருந்தன; விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் தப்பொலி இருந்தது; மாரியம்மன் கோயில் இருந்தது; ஆயாக் கொட்டகையும் இருந்தது.

தோட்ட வாழ்வை எழுதியவர்கள் கங்காணியை எழுதினர், கிராணியை எழுதினர், கள்ளுக்கடையை மிகுதியாகவே எழுதினர். ஆயாக் கொட்டகையைப் பற்றி எழுதியவர் சிலரே. பால்வெட்டச் சென்ற தாய்மார் திரும்பும் வரை, மரம் வெட்ட வலுவில்லாத முதியவள் ஒருத்தி, தொட்டிற் குழந்தைகளையும் தவழும் குழந்தைகளையும் பார்த்துக் கொள்வாள். அழும் பிள்ளையை அடக்க அவளிடம் இருந்த கருவிகள் இரண்டு: ஒன்று தாலாட்டு, மற்றொன்று கதை. இராசா, மந்திரி, ஏழு அண்ணன்மாருக்கு ஒரு தங்கை, பேசும் கிளி, ஏமாந்த புலி என்று அவள் சொன்னவை சேலத்திலும் தஞ்சையிலும் திருச்சியிலும் தென்னார்க்காட்டிலும் அவளுடைய பாட்டி அவளுக்குச் சொன்னவை. கடல் தாண்டிய பிறகு அவற்றில் காடும், யானையும், துரையும், கப்பலும் கலந்திருக்கும்.

அக்கதைகளை அவள் வாயிலிருந்து எழுதிக் கொண்டவர் யார்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, அத்தோட்டங்கள் தோன்றும் முன்னரே சென்னையில் கதை தொகுத்த தமிழர் ஒருவரையும், அவருக்கு ஒரு தலைமுறை முன்னதாக ஸ்காட்லாந்தில் கதை தொகுத்த ஒருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது பயன்தரும். ஸ்காட்லாந்து நமக்கு முற்றிலும் அயல் நிலமன்று. மலாயாத் தோட்டங்களில் 'துரை' எனப்பட்டவர்களுள் கணிசமானோர் அந்நாட்டவர். 1821-இல் சிங்கப்பூரில் வாணிகம் தொடங்கிப் பின்னாளில் பெருந்தோட்டக் குழுமமாக வளர்ந்த கத்ரி நிறுவனத்தை நிறுவிய அலெக்சாண்டர் கத்ரியும் ஸ்காட்லாந்துக்காரரே.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் வாழ்ந்தோர் பேசியது ஆங்கிலமன்று. கேலிக் என்னும் பழைய மொழி. 1746-இல் கலோடன் போரில் அவர்கள் தோற்ற பின்னர் அவர்களுடைய குலத்தலைமை முறை சிதைந்தது. அதன்பின் நூறாண்டுக் காலம், நிலவுடைமையாளர் தம் நிலங்களில் ஆடு வளர்ப்பது இலாபம் எனக் கண்டு, தலைமுறை தலைமுறையாக அங்குக் குடியிருந்த உழவர்களை வெளியேற்றினர். வெளியேறியோர் பலர் கப்பலேறிக் கனடாவுக்குச் சென்றனர். மனிதர் போயினர்; மொழியும் தேய்ந்தது; குளிர்கால இரவுகளில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து சொல்லப்பட்ட கதைகளும் ஒவ்வொன்றாக மறையலாயின.

அந்நிலையில் கதை தொகுக்கப் புறப்பட்டவர் ஐலா தீவைச் சேர்ந்த ஜான் பிரான்சிஸ் கேம்பெல். 1821-இல் பிறந்த அவர் தீவுக்கு உடைமையாளரான பெருநிலக்கிழாரின் மைந்தர். இளமையில் கேலிக் மொழியை ஊர் மக்களிடமிருந்தே கற்றுக் கொண்டார். தந்தை கடனில் மூழ்க, 1853-இல் தீவே பிறர் கைக்கு மாறியது. உரிமை இழந்த மைந்தர் அரசாங்கக் குழுக்களில் செயலாளராகப் பணியாற்றினார். கண்ணாடிக் கோளத்தின் வழியே வெயிலைக் குவித்து, ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெயில் அடித்தது என்பதைப் பதியும் கருவியை முதலில் அமைத்தவரும் அவரே. வானிலை நிலையங்களில் அக்கருவி இன்றளவும் அவர் பெயரையும் சேர்த்தே வழங்குகிறது. ஓடி மறைவதைப் பதிந்து வைக்க வேண்டும் என்னும் வேட்கை அம்மனிதரின் இயல்பிலேயே இருந்தது போலும்!

'மேற்கு மலைநாட்டு மக்கள் கதைகள்' என்னும் அவருடைய தொகுப்பு 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் சிறப்பு கதைகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு கதையையும் அவர் சொன்னவரின் கேலிக் மொழியிலேயே அச்சிட்டு, ஆங்கிலப் பெயர்ப்பையும் உடன் தந்தார். கதையைச் சொன்னவர் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றைக் குறித்தார். தொகுதியில் முதலாவதாக நிற்கும் கதையைச் சொன்னவர் ஐலாத் தீவைச் சேர்ந்த, பார்வையற்ற பிடில் வாசிப்பாளரான ஜேம்ஸ் வில்சன். 'பறவைகளின் போர்' என்னும் புகழ்பெற்ற கதையைத் தந்தவர் இன்வரேரி ஊர்ப்புறத்தில் மீன்பிடித்து வாழ்ந்த ஜான் மெக்கன்சி. இலண்டன் தெருவில் கத்திச் சாணை பிடித்துத் திரிந்த நாடோடிகளைக்கூட அவர் விட்டு வைக்கவில்லை. ஒரே கதையை இருவர் இருவிதமாகச் சொன்னால், எது சரி என்று தீர்ப்பளிக்காமல் இரண்டையும் குறித்தார். சொன்னவர் மொழியில் நேர்ந்த ஒட்டையும் வெட்டையும் செப்பனிட அவர் விரும்பவில்லை. பேரிலக்கியம் ஒன்றை உருவாக்குவது அவர் நோக்கமன்று. கேட்டதைக் கேட்டவாறு வைப்பதே நோக்கம்.

அவருக்குத் துணை நின்றவர்களைப் பற்றியும் கூற வேண்டும். ஒருவர் வேட்டைக்காட்டுக் காவலர். ஒருவர் மரம் வெட்டும் தொழிலாளி. முதன்மையானவர் எக்டர் மெக்லீன் என்னும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். தீவுத் தீவாகச் சென்று, முதியோர் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவர் இவரே. பாரா என்னும் தீவில் கதை சொல்லும் வழக்கம் உயிரோடிருந்ததையும், அண்மையிலிருந்த வேறு தீவுகளில் அது ஏறத்தாழ அழிந்து போனதையும் இவர் கண்டார். அழிவுக்குக் காரணமாக அவர் கூறியவை மூன்று: படிப்பு வந்து கதையின் இடத்தைப் பிடித்துக் கொண்டமை, சமயக் கடுமை, பயன் தருவதே வேண்டும் என்னும் குறுகிய நோக்கு. ஓர் ஆசிரியரே படிப்பையும் அக்காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்திருப்பது ஆசிரியத் தொழிலில் இருப்போர் கருதற்குரியது. பாட்டி சொன்னதை வகுப்பில் சொல்ல வரும் மாணவனைப் பாடநூலைப் பார் என்று அமர்த்திவிடும் பழக்கம் எல்லா நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவானதே.

இனித் தமிழகத்துக்கு வருவோம். அங்கே கதைநூல்களுக்குப் பஞ்சமில்லை. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை 1822-இல் இலண்டனில் அச்சேறியது. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826-இல் வந்தது. அட்டாவதானம் வீராசாமிச் செட்டியாரின் விநோதரசமஞ்சரி 1876-இல் வெளிவந்து பல தலைமுறை மாணவர்க்கு உரைநடை கற்பித்தது. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் மலிவுப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்றன. ஆயினும் இவையெல்லாம் புலவர் எழுதியவை, அல்லது ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தவை. வாய்மொழியாக வழங்கும் கதையைத் தேடித் தொகுப்பது ஒரு தனித்துறை என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது.

அத்துறையில் இறங்கிய தமிழருள் முன்னோடி பண்டித நடேச சாஸ்திரி. திருச்சிப் பகுதியிலுள்ள சங்கேந்தி என்னும் ஊரைச் சேர்ந்த குடும்பத்தில் 1859-இல் பிறந்தவர். 1881-இல், இருபத்திரண்டாம் வயதில், அரசாங்கத் தொல்பொருள் துறையில் இராபர்ட் சூவெல் என்பவரிடம் வேலைக்கு அமர்ந்தார். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படிப்பது பணி. அப்பணிக்கிடையே, பம்பாயிலிருந்து வெளிவந்த 'இந்தியன் ஆண்டிகுவரி' என்னும் ஆராய்ச்சித் திங்களிதழில் தென்னாட்டு நாட்டார் கதைகளை ஆங்கிலத்தில் எழுதலானார். அவை 1884 முதல் 1893 வரை நான்கு பகுதிகளாக நூல்வடிவம் பெற்றன. 1886-இல் மதனகாமராசன் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அவர் தமிழில் எழுதியவையும் குறைவல்ல. திராவிட பூர்வகாலக் கதைகள், திராவிட மத்தியகாலக் கதைகள் என்னும் தொகுப்புகளும், 1894-இல் வந்த தானவன் என்னும் துப்பறியும் கதையும், 1900-இல் வந்த தீனதயாளு என்னும் நாவலும் அவருடையவை. 1906-இல், நாற்பத்தேழு வயது நிறையும் நிலையில் மறைந்தார். 'இந்திய நாட்டார் கதைகள்' என்னும் ஆங்கிலப் பெருந்தொகுப்பு அவர் இறந்த பின் 1908-இல் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள், அரசாங்க வேலையும் பார்த்துக் கொண்டு, ஒரு மனிதர் செய்த பணி இது. பட்டம் பெற்ற பேராசிரியர் குழு ஒன்று செய்தாலும் வியக்கத்தக்கதே.

ஆயினும் மேலைநாட்டில் அவர் பெயரைப் பரப்பிய நூல் அவர் பெயரை இரண்டாவதாகத் தாங்கியது. 1890-இல் இலண்டனில் வெளியான 'ஞாயிற்றின் கதைகள்' என்னும் அந்நூலின் முகப்பில், தொகுத்தோர் ஹோவர்ட் கிங்ஸ்கோட் சீமாட்டியும் பண்டித நடேச சாஸ்திரியும் என்று அச்சிடப்பட்டுள்ளது. சீமாட்டி ஆங்கிலப் படைத் தலைவர் ஒருவரின் மனைவி. பின்னாளில் வேறு பெயரில் நாவல்கள் பல எழுதியவர். நூலிலுள்ள கதைகளுள் பல சாஸ்திரியார் முன்னரே ஆராய்ச்சி இதழில் எழுதியவையே. யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்பது அக்காலத்து ஆட்சிமுறையை அறிந்தவர்க்கு வியப்பளிக்காது. வியப்பளிப்பது அந்நூலின் முன்னுரையில் சீமாட்டியார் வெளிப்படையாகக் கூறும் ஒரு செய்தி.

கதைகளை எழுதத் தொடங்கியபோது அவர் தம் வீட்டு வேலையாட்களையே நம்பியிருந்தார். அவ்வேலையாட்கள் கடைத்தெருவிலிருந்த கிழவிகளிடம் கதை கேட்டு வந்து சொன்னார்கள். ஆனால் அவை சிதைவும் அயற்கலப்பும் நிறைந்தவையாக அவருக்குப் பட்டன. அவ்வேலையாட்கள் சமைக்கும் குழம்பில் எத்தனைப் பண்டங்கள் கலந்துள்ளனவோ அத்தனைக் கலப்பு அக்கதைகளில் என்று எள்ளி நகையாடுகிறார். நல்ல வேளையாகச் சாஸ்திரியார் வந்து உதவினார். இல்லையேல் நூல் பிழை மலிந்து போயிருக்கும் என்பது அவர் கூற்று.

நன்றியுரை என்னும் பெயரில் எழுதப்பட்ட இச்சில வரிகளில் தமிழ் நாட்டார் கதை வரலாற்றின் ஒரு பெருங்கேடு ஒளிந்திருக்கிறது. கடைத்தெருக் கிழவிகள் சொன்னவை எங்கே? அவர்கள் யாவர்? பெயர் என்ன? கீரை விற்றவர்களா, வெற்றிலை விற்றவர்களா, வெறுமனே திண்ணையில் அமர்ந்திருந்தவர்களா? ஒன்றும் எழுதப்படவில்லை. பார்வையற்ற பிடில்காரர் பெயர் ஸ்காட்லாந்தில் நூலேறி முப்பதாண்டு கழிந்த பின்னரும் சென்னை மாகாணத்துக் கிழவியின் பெயர் நூலேறத் தகுதியற்றதாக இருந்தது. கதை குற்றமுடையது என்று ஒதுக்கப்பட்டபோது, சொன்னவளும் ஒதுக்கப்பட்டாள்.

அக்காலத்து ஐரோப்பியர் அனைவரும் அப்படியிருந்தனர் என்று கூறிவிடவும் இயலாது. பம்பாய் ஆளுநரின் மகள் மேரி பிரேயர் 1868-இல் வெளியிட்ட 'பழைய தக்காண நாட்கள்' என்னும் கதைத்தொகுப்பு இதற்குச் சான்று. அதிலுள்ள கதைகளைச் சொன்னவர் அவருடைய பணிப்பெண் அன்னா லிபராட்டா டி சோசா. மேரி பிரேயர் அப்பெண்ணின் பெயரை எழுதியதோடு நில்லாமல், அவர் தம் வாழ்க்கையைத் தாமே கூறுவதாக ஒரு பகுதியையும் நூலின் முன்னே சேர்த்தார். தம் பாட்டி கதை சொன்ன நாட்களையும், பிற்காலத்துத் துன்பங்களையும் அன்னா அதில் கூறுகிறார். தோட்டத்து ஆயாவைப் போல அன்னாவும் ஓர் ஆயாவே. அவர் பெயர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது.

அயற்கலப்பு என்னும் குற்றச்சாட்டைச் சற்று ஆராய்வோம். 'ஞாயிற்றின் கதைக'ளில் இடம்பெற்ற அலகேச கதையில் காணாமற்போன ஒட்டகத்தின் கதை வருகிறது. வழிப்போக்கர் நால்வர், தாம் காணாத ஒட்டகத்தைப் பற்றி, அது நொண்டி, ஒரு கண் குருடு, வால் குட்டை, வயிற்றுவலி உடையது என்று சொல்லி விடுகிறார்கள். திருடர் எனப் பிடிபட்டு அரசன்முன் நிறுத்தப்பட்டதும், காலடித் தடத்தையும் ஒரு பக்கத்து இலை மட்டுமே மேயப்பட்டிருந்ததையும் பிறவற்றையும் கொண்டு உய்த்துணர்ந்ததாக விளக்குகின்றனர். அரசன் வியந்து நால்வரையும் அமைச்சராக்குகிறான். பண்டிதர் தந்த கதை. ஆதலின் கலப்பற்றது என்று சீமாட்டியார் கருதியிருப்பார். ஆனால் காணாமற்போன ஒட்டகம் 1557-இல் வெனிசு நகரில் இத்தாலிய மொழியில் அச்சான செரண்டிப் இளவரசர் மூவரின் கதையிலும் வருகிறது. அந்நூல் பாரசீகக் கதைமரபைப் பின்பற்றியது. செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர். பிரெஞ்சு அறிஞர் வால்டேர் பதினெட்டாம் நூற்றாண்டில் தம் 'சாதிக்' என்னும் கதையில் ஒட்டகத்தை நீக்கி, அரசனின் குதிரையையும் அரசியின் நாயையும் அவ்விடத்தில் வைத்தார். தமிழ்நாட்டிலிருந்து பாரசீகம் போயிற்றா, பாரசீகத்திலிருந்து தமிழ்நாடு வந்ததா என்று வழக்காடுவதில் பயனில்லை. அந்த ஒட்டகம் எல்லா நாட்டுக் காடுகளிலும் மேய்ந்திருக்கிறது. கலப்பைக் குற்றமென்றால், பண்டிதரின் ஏட்டிலும் அக்குற்றம் உண்டு. கிழவியின் கலப்பு மட்டும் சிதைவாகக் கருதப்பட்டதற்குக் காரணம், அவள் படிக்காதவள் என்பதன்றி வேறில்லை.

நடேச சாஸ்திரியைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. தமிழனுக்குக் கதை உண்டு, அது உலகத்தார் அறியத்தக்கது என்று காட்ட அவர் பாடுபட்டார், காட்டியும் விட்டார். 1892-இல் ஜோசப் ஜேக்கப்சு என்னும் அறிஞர் இந்தியக் கதைகளை ஆங்கிலச் சிறுவர்களுக்காகத் தொகுத்தபோது, 'சோதிடன் மகன்' முதலிய கதைகளை 'ஞாயிற்றின் கதைக'ளிலிருந்தே எடுத்துக் கொண்டார். அதன் மூலம் திருச்சி, தஞ்சைக் கதைகள் உலகெங்கும் ஆங்கிலம் படித்த குழந்தைகளின் கைக்குப் போயின. சாஸ்திரியார் எழுதிய கதைகளுள் சில இன்றும் படிப்போரை அச்சுறுத்த வல்லவை. புலியை மணந்த பார்ப்பனப் பெண்ணின் கதை அத்தகையது. முரண்டு பிடிக்கும் பெண்ணைப் புலிக்குக் கட்டிக் கொடுத்து விடுவேன் என்று தாய் வைது கொண்டே இருக்கிறாள். புலி ஒன்று அதைக் கேட்டுப் பார்ப்பன இளைஞனாக உருமாறி வந்து பெண் கேட்கிறது. காட்டுவழியில் தன் உருவைக் காட்டி, சமையல் செய்யச் சொல்லி அவளை அடிமையாக்குகிறது. அவள் ஓலையில் எழுதிக் காக்கையின் கழுத்தில் கட்டி அனுப்ப, அண்ணன்மார் வந்து மீட்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துவது வாளும் வேலுமல்ல. கழுதையும் எறும்பும் பனைமரமும் வண்ணான் தொட்டியும்!

இக்கதையைச் சொன்னவள் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எவரும் ஊகிப்பர். தெரியாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்ணின் நடுக்கம் அதில் வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் யார் சொன்னது, எந்த வயதில், எந்த ஊரில், யாருக்குச் சொன்னது என்பவற்றை நூல் கூறவில்லை. கதையின் எலும்பு கிடைத்தது; சொன்னவளின் குரல் கிடைக்கவில்லை. கேம்பெலுக்கும் சாஸ்திரியாருக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில்தான். முன்னவர் கதைசொல்லியைச் சான்றாகக் கொண்டார். பின்னவர் கதையைப் பொதுச்சொத்தாகக் கொண்டார். பொதுச்சொத்துக்குத் தனியொருவர் பெயர் எதற்கு என்று எண்ணியிருக்கலாம். ஏட்டுச் சுவடிக்குப் பாடபேதம் காட்டும் நம் புலவர் மரபு, வாய்மொழிக்கும் பாடபேதம் உண்டு என்பதை மிகப் பிந்தியே உணர்ந்தது.

சாஸ்திரியார் கதை எழுதிய அதே ஆண்டுகளில்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் தமிழரைப் பினாங்குக்குக் கொண்டு வந்து இறக்கிக் கொண்டிருந்தன. முதலில் கரும்புக்கும் காப்பிக்கும், இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின் இரப்பருக்கும். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி ஆள்கட்டும் முறை 1938 வரை நீடித்தது. கங்காணி தன் ஊரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஆள் திரட்டியதால், ஒரே வட்டாரத்து உறவினர் ஒரே லயத்தில் குடியேறினர். வட்டாரக் கதையும் அவர்களோடு முழுமையாக வந்தது. கடைத்தெருக் கிழவிகள் எவரிடமிருந்து ஒதுக்கப்பட்டார்களோ, அக்கிழவிகளின் பேத்திகள் இங்கே வந்து பால்வெட்டினார்கள். சாஸ்திரியார் விட்டுச் சென்ற பாதிக் கதை மலாயாவுக்குக் கப்பலேறியது என்று சொன்னால் அது மிகையன்று.

மலாயாவில் அப்போது கதை தொகுப்போர் இல்லாமலில்லை. சிலாங்கூரில் அரசாங்கப் பணி புரிந்த வால்டர் வில்லியம் ஸ்கீட் 1900-இல் மலாய் மந்திரச் சடங்குகளைப் பற்றியும், 1901-இல் கீழ்த்திசைக் காட்டுக் கதைகளைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். புலியையும் முதலையையும் ஏய்க்கும் சருகுமான், 'சாங் கஞ்சில்', ஆங்கிலம் படிப்போருக்கு அதில் அறிமுகமானது. நெகிரி செம்பிலானுக்கே 1910-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஆர். ஜே. வில்கின்சன் மலாய் மொழிக்கு அகராதி கண்டவர். மலாய் இலக்கியம், வழக்காறு பற்றிய ஆய்வு வரிசையைத் தொடங்கியவர். பின்னர் வின்ஸ்டெட்டுடன் சேர்ந்து மலாய்ப் பந்துன்களையும் தொகுத்தார். சிரம்பானில் இருந்து கொண்டு இத்தனை ஆர்வம் காட்டிய அறிஞர்க்கு, அருகிலிருந்த தோட்டங்களில் மாலைதோறும் ஒலித்த தமிழ்க் கதைகள் காதில் விழவில்லை. குறை அவரிடம் மட்டுமில்லை. அரசாங்கக் கணக்கில் மலாய்க்காரர் மண்ணின் மக்கள். அவர் பண்பாடு ஆராய்ச்சிக்குரியது. தமிழர் ஆட்கணக்கு, நாட்கூலி, நோய், இறப்பு என்னும் பத்திகளில் அடங்குபவர். மலைநாட்டிலிருந்து வந்த ஸ்காட்லாந்துத் துரைகளாவது தம் பாட்டிமாரை நினைவுகூர்ந்திருக்கலாம்! தம் கதையையே மறந்து வந்தவர்கள் பிறர் கதையை எங்கே கேட்கப் போகிறார்கள்?

தமிழாசிரியர்களும் கேட்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே பெரும் போராட்டமாக இருந்த காலம் அது. ஒரே அறையில் பல வகுப்புகள். தமிழ்நாட்டிலிருந்து வரும் பாடநூல்கள். அவற்றில் வரும் கதையே கதை; ஆயாக் கொட்டகையில் கேட்டது கதையன்று என்னும் எண்ணம் பிள்ளைகளுக்குத் தானே படிந்தது. எக்டர் மெக்லீன் தம் தீவுகளில் கண்ட அதே காட்சி, வேறு வெயிலில்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளையர் குழுமங்கள் பல தோட்டங்களை விற்று வெளியேறத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டாடி விற்றனர். அத்துண்டாடலைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகளால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. காப்பாற்றப்பட்டவை சில, கைமாறியவை பல. நகருக்கு அருகிலிருந்தவை பின்னர்த் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் உருமாறின. செனாவாங்கின் வரலாறும் இவ்வகைத்தே. லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு தாமான்களுக்குப் பிரிந்து சென்றன. தாய் தொழிற்சாலையில் இரவு முறை, பிள்ளை காப்பகத்தில், பாட்டி தனியறையில் தொலைக்காட்சியின்முன். கதை சொல்லவும் கேட்கவும் ஏற்ற பொழுதும் இடமும் ஒருங்கே போயின. மலைநாட்டு உழவர் வெளியேற்றப்பட்டபோது நிகழ்ந்ததும் இதுவே. எனினும் ஒரு வேறுபாடுண்டு. கனடாவின் கேப் பிரட்டன் தீவில் குடியேறிய கேலிக் மக்களிடம் இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் தேடிச் சென்று, தாயகத்தில் மறைந்த கதைகளையும் ஒலிப்பதிவு செய்து கொண்டனர். எடின்பரோவில் 1951-இல் அதற்கென்றே ஒரு கல்விக்கூடம் தோன்றியது.

தமிழகத்திலும் காலம் மாறியது. பேராசிரியர் நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தார். கி. ராஜநாராயணன் கரிசல் நிலத்துக் கதைகளை அம்மக்கள் பேசும் மொழியிலேயே எழுதி, பேச்சுத்தமிழ் அச்சேறக் கூசவேண்டியதில்லை என நிறுவினார். ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் என்னும் அறிஞர் தமிழ் ஊர்களில் நேரில் கேட்டுப் பதிந்த கதைகளை 2001-இல் நூலாக்கினார். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி தோட்டத்து நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேர்த்து எழுதியது தனித்துப் பாராட்டத்தக்கது. பாடலுக்குக் கிடைத்த அந்தக் கவனம் கதைக்கு இன்னும் கிடைத்தபாடில்லை. பாடல் குறுகியது, ஒரு தாளில் அடங்கும். கதைக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் அருகில் அமர வேண்டும். குறுக்கே பேசாமலிருக்கவும் வேண்டும்.

கங்காணி கூட்டி வந்தவர்களின் தலைமுறை மறைந்து விட்டது. ஆயாக் கொட்டகையில் படுத்திருந்து கதை கேட்ட பிள்ளைகள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். சிரம்பான், செனாவாங், இரந்தாவ், லாபு வட்டாரங்களில் அவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் முதலில், அதெல்லாம் மறந்து போயிற்று என்பார்கள். அன்னா லிபராட்டாவும் அப்படித்தான் பலவற்றை மறந்து போனதாகக் கூறினார். கையில் எழுதுகோலை விடச் சிறந்த கருவியை இன்று ஒவ்வொரு மாணவனும் சட்டைப் பையில் வைத்திருக்கிறான்.

கேம்பெல் 1885-இல் இறந்தபோது, அவரும் மெக்லீனும் பிறரும் எழுதிய கதைகளுள் அச்சேறாதவை நூற்றுக்கணக்கில் எஞ்சியிருந்தன. அக்கையெழுத்துக் கட்டுகள் எடின்பரோ நூலகத்துக்குச் சென்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த கதைகள் 1940-இல் ஒரு தொகுதியாகவும் 1960-இல் மற்றொரு தொகுதியாகவும் வெளிவந்தன. சொன்னவர்களின் பெயர்கள் அவற்றிலும் இருந்தன.